பழைய கார்களின் முன்கண்ணாடி வாஷர் பம்பைப் பழுதுபார்த்தல்

முன்கண்ணாடி வாஷர் பம்பு என்பது காரின் முன்கண்ணாடியில் படியும் தூசி, சேறு, பூச்சிக் கறை ஆகியவற்றை வைப்பர் துடைத்தெடுக்க ஏதுவாக நீரைப் பீய்ச்சும் சிறு கருவியாகும். பழைய கார்களைப் புதுப்பிப்போர் எஞ்சின், பிரேக், பெயின்ட் ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் செலவிட்டுவிட்டு, இந்தப் பம்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது வழக்கம். பல கார்களில் அந்தக் கடைசி வருவதே இல்லை. விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காத நிலையிலேயே வண்டி சாலைக்கு வந்துவிடுகிறது.

இதனால் வரும் ஆபத்து சிறியதன்று. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டருக்கு மேல் கடக்கும். முன்னால் செல்லும் லாரியின் சக்கரம் தெறித்த சேற்றை உலர்ந்த வைப்பர் கண்ணாடி முழுவதும் இழுத்துப் பூசிவிட்டால், நான்கு வினாடிக்குள் ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்தைப் பார்வையின்றிக் கடக்க நேரும். தாழ்ந்த மாலைச் சூரியன் எதிரே இருந்தால் மெல்லிய தூசிப் படலமே போதும். கண்ணாடி வெள்ளைத் திரையாகிவிடும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும் இதே வேலையைச் செய்கிறது.

அமெரிக்காவில் 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி எண் 104, பயணிகள் கார்களின் வைப்பருக்கும் வாஷருக்கும் தரம் வகுத்தது. பிரித்தானியாவில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வைப்பர் கட்டாயமான வண்டிக்கு வாஷரும் கட்டாயம். அங்கு 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே 20 முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. வண்டி சாலைக்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. சோதனை செய்வோர் இல்லாததால் வாஷர் பழுது முன்பைவிட எளிதில் கவனிக்கப்படாமல் போகிறது என்பதே உண்மை.

வகைகள்

பழைய கார்களில் நீரைத் தள்ளும் முறை ஒரே மாதிரியானது அன்று. 1960களின் பிரித்தானியச் சிறு கார்கள் பலவற்றில் டாஷ்போர்டில் ஒரு பொத்தான் இருக்கும். அதன் பின்னால் சுருள்வில்லும் ரப்பர் உதரவிதானமும் கொண்ட கைப்பம்பு பொருத்தப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தும்போது நீர் வெளியேறும். விட்டதும் வில் உதரவிதானத்தைப் பின்னுக்கு இழுத்துப் புட்டியிலிருந்து நீரை உறிஞ்சும். 1960களின் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்கள் பலவற்றில் இதே வேலையைத் தரையில் உள்ள ரப்பர் மிதி செய்தது. மிதித்தால் நீர் பீய்ச்சுவதோடு வைப்பரும் ஓடும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பம்பே இல்லை. முன்பக்கப் பெட்டியில் உள்ள உதிரிச் சக்கரத்தின் காற்றைக் குழாய் வழியாக நீர்த்தொட்டிக்கு எடுத்து, அந்த அழுத்தத்தால் நீரைப் பீய்ச்சினர். உதிரிச் சக்கரம் முற்றிலும் காற்றிழந்துவிடாதபடி, அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும் வால்வும் உண்டு. பீட்டிலில் வாஷர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் உதிரிச் சக்கரத்தின் காற்றைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். வாஷர் பழுது என்று வந்த பலர் பஞ்சரான உதிரிச் சக்கரத்தோடு ஓட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் அறிவர்.

நான்காவது வகை மின்மோட்டாரால் ஓடும் பம்பு. பின்னாளில் எல்லாக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது இதுவே. இக்கட்டுரை அதன் ஆரம்பகால எடுத்துக்காட்டுகளில் ஒன்றான லூக்காஸ் 5எஸ்ஜே என்ற பம்பை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. ஜாகுவார் இ-டைப் காரில் இடம்பெற்ற இது கழற்றிப் பழுதுபார்க்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. பிற்காலத்தில் வந்த, பிளாஸ்டிக்கை உருக்கி மூடிய பம்புகளில் அந்த வசதி இல்லை.

லூக்காஸ் 5எஸ்ஜே அமைப்பு

பர்மிங்காமைச் சேர்ந்த லூக்காஸ் நிறுவனம் பிரித்தானியக் கார்களுக்கு மின்கருவிகள் வழங்கியது. அதன் கருவிகளைப் பற்றிப் பழைய கார் பிரியர்களிடையே உலவும் கேலிகள் ஏராளம். நிறுவனத்தையே ‘இருளின் இளவரசர்’ என்று அழைப்பர். ஆனால் அரை நூற்றாண்டு கடந்த ஒரு காரில் மின்கருவி வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் கருவியாக இருப்பதில்லை. துருப்பிடித்த எர்த் இணைப்பாகவோ, பச்சை பூத்த முனையாகவோதான் இருக்கும். வாஷர் பம்புக்கும் இது பொருந்தும்.

5எஸ்ஜே பம்பில் மோட்டார் நீர்த்தொட்டியின் மூடிமேல் அமர்ந்திருக்கும். மூடியிலிருந்து கீழே இறங்கும் தண்டின் அடியில், நீருக்குள் மூழ்கிய நிலையில், மையவிலக்குப் பம்பு உண்டு. மோட்டாரின் தண்டையும் பம்பின் தண்டையும் மூன்று துண்டுகளால் ஆன கப்ளிங் இணைக்கிறது. மேல்துண்டு மோட்டாரோடும் கீழ்த்துண்டு பம்போடும் ஒட்டியிருக்கும். நடுத்துண்டு எதிலும் ஒட்டாமல், இரண்டின் பள்ளங்களிலும் நழுவியபடி நிற்கும். ஓல்தாம் கப்ளிங் எனப்படும் இவ்வமைப்பில் இரு தண்டுகளும் நேர்க்கோட்டில் இருந்து சற்று விலகியிருந்தாலும் சுழற்சி தடைபடாது.

பம்பு நீருக்குள்ளேயே இருப்பதால் அது நீரை உறிஞ்ச வேண்டியதில்லை. தள்ளினால் மட்டும் போதும். கைப்பம்பில் அடிக்கடி காணும் ‘காற்று இழுக்கும்’ தொல்லை இங்கு இல்லை. ஆனால் நீர்மட்டம் பம்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், தொட்டியில் நீர் தெரிந்தாலும் பம்பு அதை எடுக்காது. அடியில் கொஞ்சம் நீர் எப்போதும் மிஞ்சும். இது பழுதன்று.

தயாரிப்பாளர் அளித்த அளவுகளின்படி இப்பம்பு குறைந்தது சதுர அங்குலத்துக்கு 4.5 பவுண்டு அழுத்தம் தர வேண்டும். வினாடிக்குக் குறைந்தது 3.5 மி.லி. நீர் வெளியேற வேண்டும். மின்னோட்டம் 2 ஆம்பியரைத் தாண்டக்கூடாது. 4.5 பவுண்டு என்பது ஏறத்தாழ மூன்று மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம். அதாவது இப்பம்புக்கு மிகை வலிமை கிடையாது. குழாயில் சிறு அடைப்பு, ஜெட்டில் ஒரு துகள், வயரில் ஒரு வோல்ட் இழப்பு இவற்றுள் எது வந்தாலும் நீர் கண்ணாடியை எட்டாமல் போனட்டிலேயே விழுந்துவிடும்.

பழுதைக் கண்டறிதல்

பம்பைக் கழற்றுவதற்கு முன் காதைப் பயன்படுத்த வேண்டும். இக்னிஷனைப் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல், ஒருவர் விசையை அழுத்த மற்றொருவர் தொட்டியருகே நின்று கேட்பது சிறந்த முறை. தொட்டியில் நீர் இருப்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீரின்றிப் பம்பை ஓட்டக்கூடாது.

ஒலியே இல்லை என்றால் குறை மின்சுற்றில் இருக்கலாம், மோட்டாரிலும் இருக்கலாம். மல்டிமீட்டரை மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்து விசையை அழுத்திப் பார்த்தால் இது தெளிவாகும். பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு நெருக்கமான அளவு வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் குறை மோட்டாரில். ஒன்றும் வராவிட்டால் மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எர்த் முனையோடு பிடித்துக்கொண்டு மற்றதால் மோட்டாரின் முனைகளைத் தொட வேண்டும். ஒரு முனையில் மின்சாரம் இருந்தால் எர்த் வழி அறுந்துள்ளது என்று பொருள். எதிலும் இல்லை என்றால் ஃபியூஸ், விசை, வயர் என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து நல்லது என்று முடிவுகட்டக்கூடாது. அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் துரு இருந்தால் நல்ல ஃபியூஸும் மின்சாரத்தைக் கடத்தாது.

மோட்டார் வழக்கத்தைவிட வேகமாக, சுமையே இல்லாததுபோல் ‘விர்’ரென்று ஓடியும் நீர் வரவில்லை என்றால், கப்ளிங்கின் நடுத்துண்டு உடைந்திருக்கும் அல்லது இல்லாமலே போயிருக்கும். யாரோ முன்பு கழற்றியபோது அது கீழே விழுந்திருக்கும். அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் மூடியை மாட்டியிருப்பார்கள். சுண்டுவிரல் நகமளவே உள்ள இத்துண்டு இல்லாததால் முழுப் பம்பையும் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

முனகல் மட்டும் கேட்டு, சுழற்சி இல்லை என்றால் தண்டு இறுகியுள்ளது. இந்நிலையில் விசையைத் தொடர்ந்து அழுத்தினால் ஆர்மேச்சரின் சுருள் கருகும். ஒலி சரியாக இருந்து நீர் மட்டும் குறைவாக வந்தால், ஜெட்டுக்குச் செல்லும் குழாயைப் போனட்டுக்குக் கீழே கழற்றி, அதன் முனையை ஓர் அளவுக்குவளைக்குள் விட்டுப் பத்து வினாடி ஓட்டிப் பார்க்கலாம். 35 மி.லி.க்குக் குறையாமல் நீர் விழுந்தால் பம்பு நன்றாக உள்ளது, குறை ஜெட்டில். அதற்கும் கீழே நின்றால் பம்பையோ குழாயையோ பார்க்க வேண்டும். ஒரு அளவுக்குவளை செய்யும் இந்தச் சோதனை, ஊகத்தில் உதிரிபாகம் வாங்கும் செலவைத் தவிர்க்கும்.

மின்முனைத் திசை

பழைய பிரித்தானியக் கார்களைத் தொடுவோர் மறக்கக்கூடாத ஒரு செய்தி இது. 1960களின் நடுப்பகுதி வரை அக்கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான இ-டைப்பின் 3.8 லிட்டர் மாடல் நேர்முனை எர்த் கொண்டது. 1964 இல் வந்த 4.2 லிட்டர் மாடல் எதிர்முனை எர்த்துக்கு மாறியது.

5எஸ்ஜே மோட்டார் நிலைக்காந்த மோட்டார் ஆதலால், வயர்களை மாற்றி இணைத்தால் எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்குப் பம்பு எதிர்த்திசையிலும் ஓரளவு நீரைத் தள்ளிவிடும் என்பதுதான் இங்குள்ள சிக்கல். முற்றிலும் நின்றுபோனால் காரணத்தைத் தேடத் தோன்றும். சோர்வாகப் பீய்ச்சினால் ‘பழைய பம்பு, இவ்வளவுதான்’ என்று விட்டுவிடுவார்கள். ஆல்டர்னேட்டர் பொருத்துவதற்காகவோ ரேடியோவுக்காகவோ நேர்முனை எர்த்தை எதிர்முனை எர்த்தாக மாற்றிய கார்களில் வாஷர் சோர்ந்திருந்தால், பம்பின் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை. இதற்குச் செலவு இல்லை.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும் என்ற விதியும் இங்கே கவனத்துக்கு உரியது. ‘எதிர்முனையை முதலில்’ என்று மனப்பாடம் செய்தவர் நேர்முனை எர்த் காரில் தவறு செய்வார். வண்டியின் உடலுக்குச் செல்லும் தடித்த வயர் எந்த முனையில் உள்ளதோ அதுவே முதலில் கழற்றப்பட வேண்டியது. இல்லையேல் ஸ்பானர் உடலில் பட்டதும் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அதன் வழியே பாயும்.

கழற்றுதல்

குழாயையும் வயர்களையும் விடுவித்தபின் மூடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைப்பது நல்லது. மோட்டாரை மூடியோடு பிடித்திருக்கும் ஸ்குரூவைத் திருப்புளியால் கழற்றி மோட்டாரை நேராக மேலே இழுக்க வேண்டும். கப்ளிங்கின் நடுத்துண்டு தளர்வாக இருப்பதால் இப்போது விழும். அதைப் பிடித்து ஒரு சிறு டப்பாவில் போட்டுவிட வேண்டும். மோட்டார் பழுது என்று முடிவுகட்டுமுன், கப்ளிங்கின் பள்ளங்களில் நார், களிம்பு, பிளாஸ்டிக் துணுக்கு ஏதும் சிக்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். மோட்டாரை விரலால் சுழற்றினால் சீராகச் சுழன்று, பம்பின் தண்டு மட்டும் இறுகியிருந்தால், அடிப்பகுதியை வெந்நீரில் சில மணிநேரம் ஊறவைப்பது பெரும்பாலும் போதும். உப்புப் படிவம் கடினமாக இருந்தால் நீர் கலந்த வினிகர் கரைக்கும். குறடால் முறுக்கினால் தண்டு உடையும்.

மோட்டாரின் அடியில் உள்ள பேரிங் தகட்டை இரண்டு சிறு ஸ்குரூக்கள் பிடித்திருக்கும். அவற்றை எடுத்தால் தகடும் அதன்கீழ் உள்ள ரப்பர் கேஸ்கெட்டும் வெளிவரும். பிறகு முனைகளின் ஸ்குரூக்களைக் கழற்றினால் முனை நட்டுகளும் கார்பன் பிரஷ்களும் விடுபடும். பிரஷ்கள் மிகச் சிறியவை. தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கடைசியாகக் கப்ளிங்கைப் பிடித்து ஆர்மேச்சரை வெளியே இழுக்கலாம். காந்தத்தின் ஈர்ப்பால் அது சற்று அடம்பிடிக்கும்.

காந்தத் தொகுதியை அதன் இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. எடுத்தே ஆக வேண்டும் என்றால், அது எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்துள்ளது என்று உறையிலும் காந்தத்திலும் கோடு கிழித்துக்கொண்டு எடுக்க வேண்டும். புரட்டி வைத்துவிட்டால் காந்தமுனைகள் மாறி, மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். வயரை மாற்றி இணைத்ததன் விளைவே இதிலும் வரும். அரம் போட்ட மேசையில் இவ்வேலையைச் செய்யவே கூடாது. காந்தம் இழுத்துக்கொண்ட இரும்புத்தூளை முழுவதுமாக நீக்குவது பெரும்பாடு.

ஆர்மேச்சரும் பிரஷ்களும்

கம்யூட்டேட்டர் பொதுவாகக் கறுத்திருக்கும். பெட்ரோலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துப் பார்த்து, அப்படியும் போகாத கறையை மிக நுண்ணிய கண்ணாடித்தூள் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். எமரித் தாள் கூடாது. அதன் கடினத் துகள்கள் செம்பில் பதிந்து பிரஷ்களை அராவிவிடும். துண்டுகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் அடைந்த கார்பன் தூளை மரக்குச்சியால் நீக்க வேண்டும்.

அடுத்தது மின்தடை. கம்யூட்டேட்டரின் அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே 2.8 முதல் 3.1 ஓம் வரை இருக்க வேண்டும். எல்லா இணைகளிலும் ஒரே அளவு வருகிறதா என்பதே இங்கு முதன்மையானது. ஒன்று மட்டும் வெகுவாக மாறினால் சுருள் அறுந்துள்ளது அல்லது உள்ளே குறுக்கிணைப்பு ஏற்பட்டுள்ளது. சாதாரண மீட்டரின் கம்பிகளுக்கே சில பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருப்பதால், இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். தண்டுக்கும் கம்யூட்டேட்டருக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. ஆர்மேச்சர் கெட்டிருந்தால் மோட்டாரை மாற்றுவதே தயாரிப்பாளரின் அறிவுரை. மெல்லிய கம்பியால் சுருள் சுற்றித் தரும் கைத்திறனாளர் கிடைத்தால் அதுவும் முடியும்.

பிரஷ்கள் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். நீளம் போதுமானதாக இருந்தாலும் அவை கம்யூட்டேட்டரை உறுதியாக அழுத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டு ஓடாமல் நின்ற மோட்டாரில் பிரஷ் தேய்ந்திருக்காது. பச்சைப் பாசம் பிடித்துத் தொடர்பு இழந்திருக்கும்.

மீண்டும் கூட்டும்போது பேரிங் குழியில் மாலிப்டினம் கலந்த கிரீஸ் நிரப்பி, வழிந்த மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். மிகுதி கிரீஸ் கம்யூட்டேட்டருக்கு ஏறினால் செய்த வேலை வீணாகும். ரப்பர் கேஸ்கெட்டில் சாதாரண எண்ணெயோ பெட்ரோலிய கிரீஸோ படக்கூடாது. பல வகை ரப்பர் அதில் ஊதி மென்மையாகிவிடும். சிலிக்கோன் கிரீஸ் தீங்கு செய்யாது. கப்ளிங்கின் நடுத்துண்டு மேலும் கீழும் பள்ளத்தில் சரியாக அமர்ந்ததை உறுதிசெய்தபின் ஸ்குரூவை முடுக்க வேண்டும். தொட்டியில் நீர் நிரப்பி, 5 ஆம்பியர் ஃபியூஸ் இணைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேரடியாகச் சில வினாடி ஓட்டிப் பார்த்துவிட்டுக் காரில் மாட்டுவது நலம்.

குழாயும் ஜெட்டும்

பழைய பிளாஸ்டிக் குழாய்கள் எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்து கண்ணாடிபோல் விறைத்துவிடும். பம்பின் முனையிலிருந்து அவற்றை இழுத்துப் பிடுங்கினால் குழாய்க்குப் பதில் முனை உடையும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி மென்மையாக்கியபின் எடுக்கலாம். அதுவும் இயலாவிட்டால் குழாயைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட வேண்டும். குழாய் மலிவு, முனை அருமை.

ஜெட்டின் துளை 0.6 முதல் 0.7 மி.மீ. அளவே உள்ளது. அடைப்பு இருந்தால் குழாயைக் கழற்றிவிட்டு, துளையின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிக் காற்று அடிக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே ஊதினால் துகள் மேலும் இறுகும். வினிகரில் ஊறவைத்து மெல்லிய கம்பியால் குத்தலாம். ஊசியைத் திருகிப் பெரிதாக்குவது பெருந்தவறு. துளையின் விட்டம் 0.64 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ. ஆனால் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிறது. பம்பு தரும் நீரின் அளவோ அவ்வளவு கூடாது. அழுத்தம் விழுந்து, பீய்ச்சிய நீர் வளைந்து கண்ணாடியின் அடியிலேயே சொட்டும். நிறைய நீர் வரட்டும் என்று செய்த வேலை நீரே எட்டாதபடி செய்துவிடும்.

கைப்பம்பு உள்ள கார்களில்

கைப்பம்பில் மோட்டார் இல்லை. எனவே பழுதுகளும் மூன்று நான்குக்குள் அடங்கும். பலமுறை அழுத்திய பிறகே நீர் வருகிறது, சற்று நேரம் விட்டால் மீண்டும் அதே கதை என்றால், உறிஞ்சுகுழாயின் அடியில் உள்ள ஒருவழி வால்வு மூடவில்லை. நீர் புட்டிக்கே திரும்பி வடிந்துவிடுகிறது. அந்த வால்வில் சிக்கிய ஒரு மணல்துகளே போதும். குழாயில் குமிழிகள் ஓடினால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது. அங்கு நீர் கசியாது, காற்றுதான் உள்ளே போகும் என்பதால் கசிவைத் தேடி ஏமாறுவர். பொத்தானை அழுத்தும்போது டாஷ்போர்டின் பின்னால் நீர் சொட்டினால் உதரவிதானம் கிழிந்துள்ளது. அதைத் தனியே மாற்ற முடியாத பம்புகளும் உண்டு. சொட்டும் நீர் அங்குள்ள வயர்களில் விழுவதால் இதை மட்டும் நாளைக்குத் தள்ளிப்போடக்கூடாது.

புதிய பம்பா, பழைய பம்பா

தொட்டியின் மறைவிலோ சக்கர வளைவுக்குள்ளோ நவீன பம்பு ஒன்றைப் பொருத்திவிட்டு, பழைய மோட்டாரை அழகுக்காக மூடிமேல் விட்டுவைப்போர் உண்டு. அன்றாடம் ஓட்டப்படும் காருக்கு இதில் குறைசொல்ல ஏதுமில்லை. வெறும் காட்சிப்பொருளான அசல் பம்பைவிட வேலை செய்யும் புதிய பம்பு மேலானது. புதிய பம்பு 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும் என்பதால் பழைய விசையின் தொடுமுனைகள் கருகாமலிருக்க ஒரு ரிலே சேர்ப்பது நல்லது. 6 வோல்ட் கார்களில் 12 வோல்ட் பம்பு பெயரளவுக்கே சுழலும். கழற்றிய அசல் மோட்டாரைத் தூக்கி எறிவதுதான் கூடாத செயல். கண்காட்சி நடுவர்கள் கேட்பது ஒருபுறம் இருக்க, அடுத்த உரிமையாளருக்கு அதிலுள்ள ஒரு நடுத்துண்டாவது உதவும்.

தொட்டியில் ஊற்றும் நீர்மம்

பழுதுபார்த்த பம்பு மீண்டும் கெடுவதற்கு முதற்காரணம் தொட்டியில் ஊற்றப்படுவதுதான். பாத்திரம் துலக்கும் சோப்பு நுரைத்து, உலர்ந்ததும் கண்ணாடியில் படலமாகப் படியும். எஞ்சின் கூலன்ட் கண்ணாடியில் எண்ணெய்போல் இழுபடும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, சுவையோ இனிப்பு, நாயும் பூனையும் நக்கிவிடும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை வாஷரில் ஊற்றவே கூடாது என்று ஜாகுவார் பணிமனைக் கையேடு தடை செய்தது; காரணம், அது பெயின்ட்டை நிறம் மாற்றிவிடும். கடைகளில் விற்கும் குளிர்கால வாஷர் நீர்மங்கள் பலவற்றில் மெத்தனால் உண்டு. நீல நிறத்தில் குளிர்பானம்போல் தோன்றும் அது சிறிதளவு குடித்தாலும் பார்வையைப் பறிக்கவல்லது. மூடியிட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வெறும் தண்ணீர் பாதுகாப்பானது என்று எண்ணுவதும் சரியன்று. உறைபனிக் காலத்தில் அது உறைந்து தொட்டியையும் பம்பையும் பிளக்கும். வெதுவெதுப்பான எஞ்சின் அறையில் தேங்கும்போது கிருமிகளும் வளரும். லீஜியோனேர் நோய் எனப்படும் கடும் நுரையீரல் அழற்சிக்கும், வாஷர் நீர்மம் கலக்காத வெறும் தண்ணீருக்கும் தொடர்பு இருப்பதாகப் பிரித்தானியாவின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2010 இல் தெரிவித்தது. கார் மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் தொட்டியைக் காலிசெய்து, குழாயில் உள்ள நீரையும் ஊதி வெளியேற்றிவிடுவது நல்லது. காரை எடுத்தபின் தொட்டியைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் நல்ல வாஷர் நீர்மம் கலந்து ஊற்றலாம்.

தொட்டியைக் கழுத்தின் அடிமட்டம் வரையே நிரப்ப வேண்டும். 5எஸ்ஜே பம்பில் மோட்டார் மூடிமேல் இருப்பதால், விளிம்பு வரை நிரப்பினால் வண்டி குலுங்கும்போது நீர் பேரிங்குக்குத் தெறிக்கும். இறுகிப்போன மோட்டார்கள் பலவற்றில் காணும் துரு இப்படி ஏறியதே.

ஜெட்டைத் திருப்பி அமைத்தல்

கடைசி வேலை ஜெட்டின் திசை. கார் நிற்கும்போது நீர் வைப்பர் துடைக்கும் பரப்பின் மேல் மூன்றில் ஒரு பங்கில் விழும்படி அமைக்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று அதைக் கீழே அழுத்தி நடுவில் விழச்செய்யும். நிற்கும்போதே நடுவில் விழும்படி அமைத்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வைப்பரின் அடியிலேயே விழும். இ-டைப் காரின் முன்கண்ணாடி தாழ்வாகவும் வளைவாகவும் இருப்பதால் முதல் இரண்டு தொடர்களில் மூன்று வைப்பர்கள் பொருத்தப்பட்டன. ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே உள்ள பகுதி முதல் வீச்சிலேயே நனைகிறதா என்று ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்து, வெறிச்சோடிய சாலையில் ஒருமுறை வேகமெடுத்துச் சோதித்த பிறகே ஜெட்டின் ஸ்குரூவை இறுக்க வேண்டும்.